'பிள்ளை' எப்படி 'புலே' ஆனது? – பிரெஞ்சுக் காதில் விழுந்த நம் தமிழ்

ரெயூனியன் தீவின் அரசியலைக் கொஞ்சமாவது கவனித்தவர்களுக்கு ழான்-போல் விராப்புலே என்ற பெயர் தெரிந்திருக்கும். செந்த்-ஆந்த்ரே நகரத்தின் மேயராக இருந்தவர், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினர், பிறகு செனட்டர். பெயரின் பின்பாதியை ரோமன் எழுத்தில் பி, ஓ, யூ, இரண்டு எல், ஒரு இ என்று எழுதி, அந்த இ-யின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். பிரெஞ்சில் ஓ-வும் யூ-வும் சேர்ந்தால் 'உ'. தலையில் கோடு போட்ட இ என்றால் 'ஏ' மாதிரி. ஆக, புலே. மூலப்பெயர் வீராப்பிள்ளையோ வீரப்பிள்ளையோ. நம்ம ஆனந்தரங்கப் பிள்ளையும் பழைய பிரெஞ்சுத் தாள்களில் 'ரங்கப்புலே'தான்.

இதைப் பார்த்ததும் நம் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "வெள்ளைக்காரனுக்கு வாயில் நுழையல, கண்டபடி எழுதிட்டான்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. ஆனால் 'பி' என்ற ஓசை பிரெஞ்சில் இல்லாததா என்ன? பாரிஸ் என்று சொல்கிற ஊரின் மொழியில் ப-வும் உண்டு, இ-யும் உண்டு. 'பில்லே' என்று எழுத எந்தத் தடையும் இல்லை. அப்புறம் ஏன் 'பு'?

கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். பேப்பர் படிக்கிற மாதிரி இல்லை, வீட்டில் பேசுகிற மாதிரி. "அந்தப் புள்ள எங்க போச்சு?" பிள்ளை என்று யார் சொல்கிறார்கள்? 'வீடு' வூடு ஆகிறது, 'பெண்' பொண்ணு ஆகிறது, 'பிள்ளை' புள்ளெ ஆகிறது. ப, வ, ம போல உதட்டில் பிறக்கும் எழுத்துக்குப் பின்னால் இ, எ வந்து, அடுத்து நாக்கை மடிக்கும் ட, ண, ள வந்தால், அந்த உயிர் உதடு குவிந்து உ, ஒ ஆகிவிடும். பேச்சுத் தமிழின் உறுதியான விதிகளில் இது ஒன்று. பிரெஞ்சு எழுத்தர் இந்த விதியைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் காதில் 'புள்ளெ' என்று விழுந்தது, புலே என்று எழுதினார். அவ்வளவுதான்.

இதைக் கண்டுகொண்ட பிறகு புதுச்சேரிப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்களை நான் படிக்கிற விதமே மாறிவிட்டது. அவை தப்பும் தவறுமான பெயர்ப் பட்டியல்கள் இல்லை. டேப்ரெக்கார்டர் வருவதற்கு நூறு, இருநூறு வருஷம் முன்னால் நம் ஊர் ஆட்கள் எப்படிப் பேசினார்கள் என்பதன் பதிவு.

நான் இருக்கும் கோட்டக்குப்பம் இந்த ஆராய்ச்சிக்கு ரொம்ப வசதியான ஊர். வடக்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை; தெற்கே நடந்தால் முத்தியால்பேட்டை, புதுச்சேரி. 1954 வரை இந்த நடைதூரத்தில் ஒரு நாட்டின் எல்லை இருந்தது. எங்கள் பக்கம் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியா, அந்தப் பக்கம் பிரெஞ்சிந்தியா. இரண்டு பக்கமும் ஒரே மீனவர், ஒரே வியாபாரி, ஒரே பேச்சு. ஊர்ப் பெயரை எழுதுவதில் மட்டும் வித்தியாசம். எங்கள் பக்கத்துக் 'குப்பம்' ஆங்கிலத்தில் கே, யூ என்று தொடங்கி ஏ, எம் என்று முடியும். அந்தப் பக்கத்து அரியாங்குப்பம் பிரெஞ்சில் 'அரியான்கூப்போம்'. முடிவு ஓ, எம். நெட்டப்பாக்கமும் அப்படித்தான், 'நெத்தாபாகோம்'. எல்லைக்கோடு கொஞ்சம் வடக்கே விழுந்திருந்தால் எங்கள் ஊரும் ஒரு 'கோத்தாகூப்போம்' ஆகியிருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பாதி விடை நிர்வாக வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலேயர்களும் முதலில் காதால் கேட்டுத்தான் எழுதினார்கள். டிரிச்சினாப்பொலி, டூட்டிகோரின் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. 1870களில் வில்லியம் வில்சன் ஹன்டர் முன்வைத்த முறையை இந்திய அரசு ஏற்றது. உள்ளூர் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு எழுத்துக்கு எழுத்து ரோமன் போடுவது. அதாவது காதை மூடிவிட்டு கண்ணால் எழுதுவது. பிரபலமாகிவிட்ட பழைய பெயர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். சின்ன ஊர்களெல்லாம் தமிழ் எழுத்தைப் பார்த்து திருத்தப்பட்டன. பிரெஞ்சுப் பக்கம் இப்படி ஒரு துப்புரவு நடக்கவில்லை. அதனால் காது எழுதியது அப்படியே நின்றுவிட்டது.

சரி, 'அம்' ஏன் 'ஓம்' ஆனது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி முன் நின்று "அது என்ன மரம்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். மேடைப் பேச்சு மாதிரி வேண்டாம். கடைசியில் உதடு மூடுகிறதா? 'ம்' என்பது இதழ் இரண்டும் சேர்ந்தால்தான் பிறக்கும். தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்வது அதைத்தான். ஆனால் வேகமாகப் பேசும்போது பெரும்பாலோருக்கு உதடு மூடாது. மூக்கு வழியாகக் காற்று போகும், வாயில் ஒரு ஓ மாதிரியான ஓசை நிற்கும். 'மரோ' என்பதை மூக்கால் சொன்ன மாதிரி. நான் பெரியம்மாவிடம் சமையல் குறிப்பு கேட்டு, அவர் பேசியதை போனில் பதிவு செய்து பிராட் என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். (ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். ஒலியைப் படமாக வரைந்து காட்டும்; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.) வெங்காயம், காரம், கொஞ்சம்... வரிசையாக முடிவில் உதடு மூடிய தடமே இல்லை. உயிரோசையே மூக்கில் கலந்து முடிந்துவிடுகிறது. இதில் என் கண்டுபிடிப்பு ஏதுமில்லை. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன் முதலான மொழியியலாளர்கள் இதை விளக்கமாகவே எழுதியிருக்கிறார்கள். சொல் கடைசியில் வரும் 'அம்' மூக்கோசை கலந்த ஓ ஆகவும், 'அன்' மூக்கோசை கலந்த எ ஆகவும் பேச்சில் ஒலிக்கும்.

இப்போது பிரெஞ்சுக்கு வாருங்கள். மூக்கோசை கலந்த உயிர்கள் அந்த மொழியின் சொத்து. 'போன்' என்பதில் வரும் அந்த ஓ, 'வேன்' என்றால் திராட்சை ரசம், அதில் வரும் அந்த எ. முதலாவதை அவர்கள் ஓ-என் அல்லது ஓ-எம் என்று எழுதுவார்கள், இரண்டாவதை ஐ-என் என்று. ஆக குப்பம் 'கூப்போம்' ஆனதும் சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆனதும் வைத்திலிங்கம் குவாதலூப்பில் 'வைத்திலிங்கோம்' ஆனதும் சும்மா இல்லை. வீரப்பன் 'விராப்பின்' ஆனதும் அப்படித்தான். ஐ-என் முடிவு. நாம் தமிழில் இன் என்று படிக்கிறோம், பிரெஞ்சுக்காரர் படித்தால் நம் பேச்சு வீரப்பெ(ன்) அச்சாக வரும்.

சாமிகளும் தப்பவில்லை. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல் அவுரேலி 1853இல் மார்தினிக்கில் போய் நின்றது. அடுத்த வருஷம் டிசம்பர் 24 அன்று அதே கப்பல் குவாதலூப்புக்கு இன்னொரு கூட்டத்தைக் கொண்டுபோனது. 1889 வரை நடந்த இந்தப் போக்குவரத்தில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். அங்கே இன்றும் கும்பிடும் தெய்வங்களில் இரண்டு: மாலியெமின், மால்தெவிலின். முதலாவது மாரியம்மன், இரண்டாவது மதுரைவீரன். ர-வை ல ஆக்கியது தீவின் பேச்சு. ஆனால் கடைசியில் நிற்கும் ஐ-என்னைக் கவனியுங்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி ஒருவர் கப்பலில் வாயில் சுமந்து கொண்டுபோன உச்சரிப்பு அது.

இதே வரிசையில் இன்னொன்றையும் சேர்க்கலாம். முதலியார்பேட்டை பிரெஞ்சில் 'மொதெலியார்பெத்'. மு போய் மொ. நாமும் 'மொதலியார்' என்றுதானே சொல்கிறோம், 'மொதல்ல வா' என்பது போல. திருபுவனை 'திருபுவனே'. கடைசி ஐ பேச்சில் எ ஆவதும் ஊரறிந்தது.

அப்படியானால் நமக்கே ஏன் இது காதில் விழுவதில்லை? இந்தச் சோதனையை நான் சொன்ன பத்துப் பேரில் ஒன்பது பேர் "இல்லையே, நான் ம் சொல்றேனே" என்று சண்டைக்கு வருகிறார்கள். கண்ணாடியைக் காட்டினால்தான் அடங்குகிறார்கள்.

1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, நடுவில் ஒரு சொல்லிலிருந்து ஒரே ஒரு ஒலியைத் துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இருமலை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டி, எந்த ஒலியாவது விடுபட்டிருக்கிறதா என்று கேட்டார். 19 பேர் எதுவும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் தப்பான இடத்தைக் காட்டினார். காதுக்குள் வராத ஒலியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது, போட்டதைக் கேட்டதாகவே நம்புகிறது.

அடுத்த பத்தாண்டில் வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். ஒருவர் பேசுவதை நாம் எழுத்து எழுத்தாகச் சேர்த்து, சொல் முடிந்த பிறகு அகராதியில் தேடுவதில்லை. முதல் ஓரிரு ஒலி வந்த உடனே அப்படித் தொடங்கும் சொற்களெல்லாம் மனதில் எழுந்து நிற்கும். அடுத்தடுத்த ஒலி வர வரப் பொருந்தாதவை உட்கார்ந்துவிடும். ஒன்று மட்டும் நின்றால், சொல் முடிவதற்குள்ளேயே கண்டுபிடித்தாகிவிட்டது. 'வெங்கா...' என்று பெரியம்மா ஆரம்பித்தால் அது வெங்காயம்தான். கடைசி ம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? சொல்பவருக்கும் அது தெரியும், அதனால் வாயும் அங்கே சிக்கனம் பிடிக்கிறது. உலகத்து மொழிகள் பலவற்றில் சொற்கள் கடைசியிலிருந்தே தேய்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வகையில் பார்த்தால் பிரெஞ்சு எழுத்தருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: தமிழ் தெரியாது. 'சிதம்ப...' என்று கேட்ட உடனே அவர் மனதில் எந்தச் சொல்லும் எழுந்து நிற்காது. எதையும் நிரப்பிக்கொள்ள முடியாது. கடைசி ஒலி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மொழி தெரிந்தவன் பாதியில் கேட்பதை நிறுத்திவிடுகிறான், தெரியாதவன் முழுசாகக் கேட்கிறான்.

நம் இலக்கணக்காரர்களுக்குக் காது இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வ-வுக்கு முன்னால் வரும் ம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறையும், அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயர். ஐ தன் இரண்டு மாத்திரையிலிருந்து குறைவது ஐகாரக்குறுக்கம். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் கால்வாசியை வித்தியாசமாகக் கேட்டவர்கள் அவர்கள். ம்-மும் ஐ-யும் தேயும் எழுத்துகள் என்று அவர்களும் சரியாகக் குறித்திருக்கிறார்கள். தேய்ந்து வேறொன்றாகவே ஆன பேச்சு வடிவத்தை எழுதுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

பிரெஞ்சுக் காது எல்லாவற்றையும் சரியாகப் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தவறவிட்டவை நிறைய. குறில் நெடில் வித்தியாசம் போயே போச்சு. 'வீர' என்பதிலும் 'விர' என்பதிலும் அவர்களுக்கு ஒரே ஐ. த, ட இரண்டுக்கும் ஒரே டி. ழ-வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்கும் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. 1957இல் நியூயார்க்கில் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மன் குழுவினர் இயந்திரத்தில் உண்டாக்கிய ஒலிகளைச் சிறு சிறு படிகளாக மாற்றி, ப-விலிருந்து த-வுக்கும், அங்கிருந்து க-வுக்கும் நகர்த்திக் காட்டினார்கள். (ஆங்கிலத்தின் அழுத்திச் சொல்லும் ஒலிகள்.) படிகளெல்லாம் ஒரே அளவு. கேட்டவர்களுக்கோ வழுக்கிக்கொண்டு மாறவில்லை. ஒரு இடம் வரை ப, அடுத்த படியில் சட்டென்று த. காது ஒரு அளவுகோல் இல்லை, அறைகள் போட்ட அஞ்சறைப்பெட்டி. கடுகுக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரு சாமான் வந்தால் அதற்கென்று புது அறை கிடையாது, ஏதாவது ஒன்றில் போட்டாக வேண்டும். எத்தனை அறை, எங்கே தடுப்பு என்பது மொழிக்கு மொழி மாறும். லிஸ்கரும் ஆப்ரம்சனும் 1964இல் 11 மொழிகளில் இந்தத் தடுப்புகளை அளந்தபோது தமிழும் அந்தப் பதினொன்றில் ஒன்று.

பிறக்கும்போது இந்தத் தடுப்புகள் கிடையாது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள த, ட ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியாமல் போய்விட்டது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் ட-வும் த-வும் ஒரே அறைக்குள் போய்விட்டன! இப்படி வளர்ந்த ஒருவர் இருபத்தைந்து வயதில் கப்பலேறி வந்து புதுச்சேரியில் மேசை போட்டு உட்கார்ந்தால், 'நெட்டப்பாக்கம்' நெத்தாபாகோம் ஆகாமல் வேறென்ன ஆகும்?

குறில் நெடிலுக்கும் இதே கதை. எமானுவேல் டுப்பூ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1999இல் ஜப்பானியரையும் பிரெஞ்சுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். மெய்யோடு மெய் நேராக ஒட்டி வரும் இடத்தில் ஜப்பானியர்களுக்கு நடுவில் ஒரு 'உ' இருப்பதாகக் கேட்டது, உண்மையில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் உயிரின் குறில் நெடிலைப் பிரிப்பது ஜப்பானியர்களுக்கு எளிதாக இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் தடுமாறினார்கள். 'ஸ்கூல்' நம் ஊரில் இஸ்கூல் ஆவதையும், வீரப்பன் 'விராப்பின்' ஆவதையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கிறது.

ழ-வின் கதை மட்டும் தனி. சோழமண்டலம்தான் 'கோரமண்டல்' ஆனது என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே போர்த்துக்கீசியர் ழ-வை ர அறையில் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களோ ல அறையில் போட்டார்கள்: வழுதாவூர் 'வால்தவூர்', ஒழுகரை 'உல்காரே'. ஆனால் இங்கே நான் எழுத்தரை உடனே குற்றம் சொல்ல மாட்டேன். ழ-வை ள-வாகச் சொல்லும் தமிழர்கள் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். சொன்னவர் 'ஒளுகரை' என்று சொல்லியிருந்தால் கேட்டவர் என்ன செய்வார்?

எதிர்த்திசையிலும் இதே பெட்டி விளையாட்டு நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை எழுதிய நாட்குறிப்பு, தமிழ்க் காதில் விழுந்த ஐரோப்பியச் சொற்களின் சுரங்கம். பிரெஞ்சின் 'மெஸ்யே' நமக்கு முசே ஆனது. அந்தச் சொல்லின் கடைசி உயிர் உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் ஏ, அப்படி ஒரு அறை நம் பெட்டியில் இல்லை, ஏ அறையில் போட்டோம். ஃப-வும் இல்லை, 'ஃபராங்கி' பரங்கி ஆனான். ஆளுநர் பெயரில்தான் நம் காதின் நேர்மை தெரிகிறது. அவர் பெயரின் முதல் உயிர், உ-வுக்கு உதட்டை வைத்துக்கொண்டு இ-க்கு நாக்கை வைத்துச் சொல்வது. தமிழில் அதை 'துய்ப்ளெக்ஸ்' என்று எழுதும் வழக்கம் உண்டு. ஒரே ஒலியை இரண்டாகப் பிளந்து, உ-வையும் ய்-யையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். ஆங்கில வழியாக வந்த 'டூப்ளே'யைவிட இது எவ்வளவோ மேல்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது, பல அலுவலகங்களில் எழுதியவர் அல்லது எழுத உதவியவர் தமிழர். துபாஷிகளும் உள்ளூர்க் குமாஸ்தாக்களும் பிரெஞ்சு படித்தவர்கள். இது உண்மை, ஆனால் இதனால் வாதம் கெடவில்லை என்பேன். பிரெஞ்சு எழுத்துமுறையைக் கற்ற தமிழருக்குத் தன் பேச்சை எழுத முதல்முறையாக ஓ-எம், ஐ-என் என்ற கருவிகள் கிடைத்தன. தமிழ் எழுத்தில் அவை கிடையாது. இரண்டாவது கொஞ்சம் வலுவானது. எல்லாப் பெயரும் 'ஓம்' என்று முடியவில்லை. ரெயூனியனில் ஆறுமுகம் 'ஆருமுகாம்' என்று ஏ-எம் போட்டே இருக்கிறது. எழுதுபவருக்கு எழுதுபவர், ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. ஆனால் ம்-மைத் தெளிவாகக் கேட்டிருந்தால், அதைக் காப்பாற்ற பிரெஞ்சில் சுலப வழி இருந்தது: கடைசியில் ஒரு ஊமை இ சேர்ப்பது, 'மதாம்' என்ற சொல்லை எழுதுவது போல. அதைச் செய்யாமல் ஓ-வுக்குப் போனவர்கள் ஓ-வைக் கேட்டிருக்கிறார்கள் என்பதே என் கட்சி.

இதெல்லாம் வெறும் எழுத்து விளையாட்டு என்று தோன்றலாம். சிதாம்பரோம் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பத்தொன்பது வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். ஆன்ரி சிதாம்பரோம், 1863இல் குவாதலூப்பில் பிறந்தவர், பெற்றோர் கூலிக் கப்பலில் வந்த தமிழர்கள். தீவில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை கிடையாது, நீங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல் அவர் பக்கம் முடிந்தது. புதுச்சேரியிலும் பெயர்தான் குடியுரிமைக்கு வாசலாக இருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி இந்துச் சட்டத்தையோ முகமதியச் சட்டத்தையோ துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்குப் பதிவேட்டில் விழுந்த எழுத்து கொள்ளுப்பேரன் பாஸ்போர்ட் வரைக்கும் வருகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வழி பிரான்சிலும் தம்பி வழி இங்கேயும் இருந்தால், ஒரே தாத்தாவுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். சொத்துப் பத்திரம், வாரிசுச் சான்று என்று வரும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் படாத பாடு படுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி கேட்கிற கதை.

கரீபியத் தீவுகளிலிருந்து ஊரைத் தேடி வருகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். கையில் ஒரு பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் மட்டும்தான் இருக்கும். பெயர்களை ஓசையால் ஒப்பிட நாங்கள் புரோகிராமர்கள் இன்றும் பயன்படுத்துவது சவுண்டெக்ஸ் என்ற முறை. ராபர்ட் ரஸல் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை வைத்துக்கொள், உயிர்களைத் தூக்கி எறி, மெய்களை ஆறு அறைகளில் போட்டு எண் கொடு. ஆங்கிலக் குமாஸ்தாவின் அஞ்சறைப்பெட்டி, அறை மட்டும் ஒன்று கூடுதல். போட்டுப் பார்த்தேன். வீரப்பன், விராப்பின் இரண்டும் வி-615. குவாதலூப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எர்னெஸ்ட் முத்துசாமியின் பெயர் பிரெஞ்சு முறையிலும் எம்-325, நம் ஆங்கில முறையிலும் எம்-325. பிரமாதம். ஆனால் சிதம்பரம் ஆங்கிலத்தில் சி-351, பிரெஞ்சில் எஸ்-351. முதல் எழுத்திலேயே பிரிந்து போனார்கள். ஒழுகரை ஓ-226, உல்காரே ஓ-426. ழ-வுக்கு நாம் போடும் இசட், க-வும் ச-வும் இருக்கும் இரண்டாம் அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, எந்தக் காதுக்கும் பொருந்தாத இடம்.

தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு உயிர்களை எறிவது சரிதான், அவைதான் அதிகம் மாறும். இந்தக் கட்டுரைக்குத் தேவையானது முழுக்க அந்த எறிந்த குப்பையில் கிடக்கிறது. பிள்ளையைப் புலே ஆக்கிய உ, முதலியாரை மொதலியார் ஆக்கிய ஒ, குப்பத்தின் ஓ, மாரியம்மனின் கடைசி எ, எல்லாமே உயிர். அதனால் எனக்காக எழுதிக்கொண்ட சிறிய நிரலில் வேறு வழி வைத்திருக்கிறேன். முதலில் தமிழ்ப் பெயரை எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு மாற்று: பிள்ளை, புள்ளெ, அம், மூக்கு ஓ, அன், மூக்கு எ. அதன் பிறகு குறில் நெடிலைக் கலை, த-வையும் ட-வையும் சேர், ழ-வுக்கு ல, ர இரண்டையும் அனுமதி. கடைசியாக பிரெஞ்சு எழுத்தில் எழுது. இந்த வரிசையில் போனால் சிதம்பரம் நேராக சிதாம்பரோமில் போய் நிற்கிறது. முதல் படியைத் தாண்டிவிட்டு எழுத்துத் தமிழிலிருந்து நேராகப் போனால் சிதாம்பராமில் நின்றுவிடுகிறது, பதிவேட்டில் ஆள் கிடைப்பதில்லை.